சீன ஜாதகத்தில் மோதல், தண்டனை, தீங்கு, உடைவு, உருமாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனப் புத்தாண்டு நெருங்கினாலே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் எங்கள் புளோக்கிலேயே குடியிருந்த ஒரு சீனப் பெரியவரிடம் பல வருடங்கள் உட்கார்ந்து 'பா ஸி' கற்றுக்கொண்டவள் நான் என்பது உறவினர்களுக்கும் தோழிகளுக்கும் தெரியும். "எனக்கு இந்த வருஷம் மோதலாமே", "பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாதாமே" என்று பயந்த குரலில் கேட்பார்கள். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, சீன ஜாதகம்னா பொறந்த வருஷத்து மிருகம்தானே? நான் குதிரை, அவ்வளவுதானே?

இல்லை. வருடத்து மிருகம் எட்டில் ஒரு பங்குதான். பா ஸி என்றால் 'எட்டு எழுத்து' என்று பொருள். பிறந்த வருடம், மாதம், நாள், நேரம் என நான்கு தூண்கள். ஒவ்வொரு தூணிலும் மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எழுத்து. மேலே வருவது பத்து 'வானத் தண்டு'களில் ஒன்று. கீழே வருவது பன்னிரண்டு 'நிலக் கிளை'களில் ஒன்று. எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று நாம் சொல்லும் மிருகங்கள் அந்தக் கிளைகளுக்கு மக்கள் வைத்த பெயர்கள்.

பத்தும் பன்னிரண்டும் இணைந்து சுழல்வதால் 60 ஆண்டுச் சுற்று வருகிறது. நம் பிரபவ முதல் அட்சய வரையான சுற்றைப் போன்றதுதான், ஆனால் தொடக்கம் வேறு. சீனச் சுற்று கடைசியாக 1984-இல் தொடங்கியது, நம் பிரபவ 1987-இல் வந்தது. தாங் அரசு காலத்தில் வருடத் தூணை மையமாக வைத்தே பலன் பார்த்தார்கள். சோங் காலத்தில் ஷு ஸிபிங் பெயரால் வழங்கும் முறை வந்த பிறகு, நாள் தூணின் மேல் எழுத்தே 'நான்' என்றானது. உங்கள் குதிரை உங்கள் வீட்டு வாசல்தான். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

நான் 1984 பிப்ரவரி 3. நாள்காட்டியில எலின்னு போட்டிருக்கு, ஜோசியர் பன்றிங்கிறார். யார் சொல்றது சரி?

இருவருமே சரி. 1984-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 2. அது அமாவாசையை ஒட்டி வரும் பண்டிகை. பா ஸி கணக்குக்கு வருடம் மாறுவது 'லி சுன்' என்னும் வசந்தத் தொடக்கத்தில். சூரியனின் நிலையை வைத்து அது வரும் நாள் பிப்ரவரி 4-ஐ ஒட்டி அமையும். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் பிறந்தவர். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது எலி, நான்கு தூண் பார்க்கும்போது பன்றி. மோதல், தீங்கு எல்லாம் பார்க்கும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி முதல் வாரத்திலும் பிறந்தவர்களில் பலர் தமக்கு இல்லாத மோதலுக்காகக் கவலைப்படுகிறார்கள்.

அவங்க சொல்ற ஐந்தும் நம்ம பஞ்சபூதமும் ஒண்ணுதானா?

ஒன்றல்ல. நமக்கு நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். அவர்களுக்கு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் அங்கே இல்லை. மரமும் உலோகமும் இங்கே இல்லை. பெரிய வேறுபாடு இன்னொன்று. அவர்கள் சொல்லும் 'ஷிங்' என்ற சொல்லுக்கு நடப்பது, நகர்வது என்று பொருள். உலகம் எதனால் ஆனது என்று அது சொல்வதில்லை, காலம் எப்படி நகர்கிறது என்று சொல்கிறது. வசந்தத்தில் மேலெழுவது மரம், கோடையில் விரிவது நெருப்பு, இலையுதிர் காலத்தில் சுருங்குவது உலோகம், குளிர்காலத்தில் அடங்கிக் கிடப்பது நீர். ஒவ்வொரு பருவத்தின் கடைசி மாதமும் மண்ணுக்கு.

இவற்றுக்குள் இரண்டு உறவுகள். ஒன்று பெற்றெடுத்தல்: மரம் நெருப்பைத் தரும், நெருப்பு சாம்பலாகி மண்ணைத் தரும், மண்ணிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து நீர், நீரால் மரம். இன்னொன்று அடக்குதல்: மரம் மண்ணைப் பிளக்கும், மண் நீரை அணைகட்டும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும்.

வெட்டும், அணைக்கும், உருக்கும்னா எல்லாமே அழிவுதானே? அது நல்லதா எப்படி இருக்கும்?

இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். அடக்குதல் இல்லாமல் உருமாற்றம் இல்லை. உலோகத்தை உருக்காமல் கத்தி வராது. அணை கட்டாத நீர் வயலுக்கு வராது. ஜாதகத்தில் நீர் பெருகிக் கிடக்கும் ஒருவருக்கு மண் வந்து அடக்கினால் அவர் வாழ்க்கைக்குக் கரை கிடைத்தது என்றுதான் சீன ஜோசியர் சொல்வார். நெருப்பே ஒரு பொறியாக இருக்கும் ஜாதகத்தில் அதே நீர் வந்தால் கவலைப்படுவார். எதை அடக்குகிறது, எந்தப் பருவத்தில் அடக்குகிறது என்று தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

அரசியலிலேயே இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஸோ யென் என்ற சிந்தனையாளர், அரச வம்சங்களும் இந்த அடக்குதல் வரிசையில்தான் மாறுகின்றன என்றார். மஞ்சள் பேரரசர் மண், ஷியா மரம், ஷாங் உலோகம், சோ நெருப்பு. கி.மு. 221-இல் சீனாவை ஒன்றாக்கிய சின் பேரரசர், நெருப்பை வென்ற நீர் தானே என்று அறிவித்துக் கருப்பை அரச நிறமாகவும் ஆறைத் தன் எண்ணாகவும் கொண்டார். ஒன்றின் அழிவு இன்னொன்றின் பிறப்பு என்பது அவர்களுக்கு அரசாணை அளவுக்கு உண்மையாக இருந்தது.

மோதல், தண்டனை, தீங்கு, உடைவு... நாலும் ஒண்ணுதானா? வேற வேறன்னா எது பெருசு?

நான்கும் வேறு. எல்லாம் கீழ் வரிசையில், அதாவது கிளைகளுக்குள் நடப்பவை. வலிமையில் மூத்தது மோதல், சீன மொழியில் 'சோங்'. பன்னிரண்டு கிளைகளை வட்டமாக வைத்தால் நேரெதிரே நிற்பவை மோதும். எலி குதிரையோடு, எருது ஆட்டோடு, புலி குரங்கோடு, முயல் சேவலோடு, டிராகன் நாயோடு, பாம்பு பன்றியோடு. இதை மிருகச் சண்டையாகப் பார்க்காதீர்கள், மாதமாகப் பாருங்கள். எலி மாதம் டிசம்பரில் வரும், குளிரின் உச்சம். குதிரை மாதம் ஜூனில் வரும், வெயிலின் உச்சம். முயல் வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் மாதம், சேவல் இலையுதிர் காலத்தில் சமமாகும் மாதம். ஆண்டின் ஒரு முனை மறுமுனையை இழுப்பதுதான் மோதல். அதன் குணம் அசைவு: இடமாற்றம், பிரிவு, வேலை மாறுதல், உடைந்து திறத்தல்.

தண்டனை, 'சிங்', மோதல் அளவுக்கு வெளியே தெரியாது. உள்ளே நீண்டு அரிக்கும். புலி, பாம்பு, குரங்கு மூன்றும் ஒரு கூட்டம். எருது, நாய், ஆடு இன்னொரு கூட்டம். ஒன்றுக்கு 'நன்றி கெட்ட தண்டனை' என்றும் மற்றதற்கு 'செல்வாக்கை நம்பிய தண்டனை' என்றும் பெயர். எது எதற்கு என்பது நூலுக்கு நூல் இடம் மாறும். எலியும் முயலும் சேர்ந்தால் 'மரியாதை கெட்ட தண்டனை'. எலி நீர், முயல் மரம். நீர் மரத்தைப் பெற்ற தாய். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே மரியாதை போய்விட்டது என்று பெயர் வைத்தவர்கள் மனித மனத்தை அறிந்தவர்கள். கடைசியாக டிராகன், குதிரை, சேவல், பன்றி ஆகிய நான்கும் தன்னைப் போன்ற இன்னொன்றைக் கண்டால் தன்னையே தண்டித்துக்கொள்ளும்.

தீங்கு ('ஹாய்') இதைவிட மெல்லியது. உடைவு ('போ') எல்லாவற்றிலும் இளையது. எலி-சேவல், எருது-டிராகன், புலி-பன்றி, முயல்-குதிரை, பாம்பு-குரங்கு, ஆடு-நாய் என்பவை உடைவு ஜோடிகள். கைகூடி வந்த ஒன்றில் விரிசல் விழுவது என்பார்கள். பல ஜோசியர்கள் உடைவைத் தனியாகக் கணக்கில் எடுப்பதே இல்லை. என் ஆசிரியரும் அப்படித்தான். உடைவை மட்டும் காட்டி உங்களை யாராவது பயமுறுத்தினால் அஞ்ச வேண்டாம்.

தீங்கு ஜோடியை மனப்பாடம் பண்ணவே முடியல. அதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கிறது, அழகான கணக்கு. முதலில் ஆறு சேர்க்கைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்: எலி-எருது, புலி-பன்றி, முயல்-நாய், டிராகன்-சேவல், பாம்பு-குரங்கு, குதிரை-ஆடு. இவை நண்பர்கள். என் நண்பனோடு மோதுபவன் எனக்குத் தீங்கு செய்பவன். எலியின் நண்பன் எருது, எருதோடு மோதுவது ஆடு, ஆகவே எலிக்குத் தீங்கு ஆடு. இப்படியே போட்டால் எருது-குதிரை, புலி-பாம்பு, முயல்-டிராகன், குரங்கு-பன்றி, சேவல்-நாய் எல்லாம் தானே வந்துவிடும். நேரில் தாக்காமல் துணையைப் பறிப்பதால்தான் இதை உறவுச் சிக்கலாகப் படிக்கிறார்கள்.

நீங்க சேர்க்கைன்னு சொன்ன புலி-பன்றியை உடைவுலயும் எழுதியிருக்கீங்க. தப்பா?

தப்பில்லை, கவனித்துப் படித்திருக்கிறீர்கள். புலி-பன்றி சேர்க்கையும்தான், உடைவும்தான். பாம்பு-குரங்கு இன்னும் வியப்பு: சேர்க்கை, உடைவு, தண்டனை மூன்றும் அந்த ஒரே ஜோடியில். பாம்பு நெருப்பு, குரங்கு உலோகம். இரண்டும் சேர்ந்தால் நீராக மாறக்கூடும் என்பது விதி. நீராக மாறும் சூழல் இருந்தால் சேர்க்கை முன்னால் வரும். கோடைகால ஜாதகத்தில் நெருப்பு ஓங்கி நின்றால் பாம்பு தன் நெருப்பை விடாது, குரங்கின் உலோகத்தை உருக்கும், அப்போது தண்டனை முகம் தெரியும். முதலில் கூடி, நெருங்கிய பிறகு கசக்கும் கூட்டுத்தொழிலுக்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

ரெண்டு சேர்ந்தா மூணாவதா மாறிடும்கிறாங்களே, எப்பவும் மாறுமா?

அநேகமாக மாறாது. பலரும் தடுமாறும் இடம் இது. ஐந்து பொருளும் யாங் (வெளிப்படும் முகம்), யின் (அடங்கிய முகம்) என இரண்டிரண்டாக வருவதால்தான் மேல் வரிசையில் பத்துத் தண்டுகள். அந்தத் தண்டுகளில் ஐந்து சேர்க்கைகள் உண்டு. யாங் மரம் (ஜியா) யின் மண்ணோடு (ஜி) சேர்ந்தால் மண். யின் மரம் (யி) யாங் உலோகத்தோடு (கெங்) சேர்ந்தால் உலோகம். யாங் நெருப்பு (பிங்) யின் உலோகத்தோடு (சின்) சேர்ந்தால் நீர். யின் நெருப்பு (திங்) யாங் நீரோடு (ரென்) சேர்ந்தால் மரம். யாங் மண் (வூ) யின் நீரோடு (குய்) சேர்ந்தால் நெருப்பு. எல்லா ஜோடியிலும் ஒன்று அடக்குவது, மற்றது அடங்குவது. அடக்கும் உறவே இங்கே சேர்க்கையாகிறது. கணவன் மனைவிக்கு இதை உவமை சொல்வது சீன வழக்கம்.

ஆனால் சேர்வது வேறு, மாறுவது வேறு. இரண்டும் அடுத்தடுத்த தூணில் இருக்க வேண்டும். பிறந்த மாதம் மாறப்போகும் பொருளுக்கு ஆதரவாக இருக்க வேண்டும். அதை அடக்கும் வேறொன்று பக்கத்தில் இருக்கக் கூடாது. சேரும் இரண்டுக்கும் ஜாதகத்தில் வலுவான வேர், அதாவது கீழ்க் கிளைகளில் தன் பொருளின் ஆதரவு, இருக்கக் கூடாது, வேர் உள்ளது தன்னை விடாது. யாங் மரமும் யின் மண்ணும் முயல் மாதத்தில் சந்தித்தால், அது மரம் கொழிக்கும் மார்ச் மாதம். மரம் எதற்காக மண்ணாகும்? அப்போது சேர்க்கை நிற்கும், உருமாற்றம் நடக்காது. இரண்டும் ஒன்றையொன்று கட்டிப் போட்டுக்கொண்டு தம் வேலையைச் செய்யாமல் நிற்கும். நல்லதைச் செய்ய வேண்டிய எழுத்து இப்படிக் கட்டுண்டால் நஷ்டம். கெடுதல் செய்யும் எழுத்து கட்டுண்டால் லாபம்.

மூணு மிருகம் கூட்டணின்னு சொல்றாங்களே, அது நம்ம திரிகோணம் மாதிரியா?

வட்டத்தில் பார்த்தால் அப்படியேதான். 1, 5, 9 என்று நாம் எண்ணுகிற இடங்கள். எலி, டிராகன், குரங்கு நீர்க் கூட்டணி. முயல், ஆடு, பன்றி மரம். புலி, குதிரை, நாய் நெருப்பு. எருது, பாம்பு, சேவல் உலோகம். ஒவ்வொரு கூட்டணியிலும் ஒன்று பிறப்பு, ஒன்று உச்சம், ஒன்று கிடங்கு. நீர் குரங்கில் பிறந்து, எலியில் உச்சமாகி, டிராகனில் சேமிக்கப்படுகிறது. உச்சமான எலி இல்லாமல் குரங்கும் டிராகனும் மட்டும் நின்றால் அந்தக் கூட்டணிக்கு உயிர் குறைவு.

எல்லாம் சேர்ந்த ஒரு ஜாதகத்தை எடுத்து விளக்குங்களேன், தனித்தனியா படிச்சா மண்டையில ஏறல.

2000 ஜனவரி 1-இல் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். வசந்தத் தொடக்கம் வரவில்லை, ஆகவே வருடம் இன்னும் 1999-தான்: யின் மண் முயல். மாதம் யாங் நெருப்பு எலி. நாள் யாங் மண் குதிரை. 'நான்' என்பது யாங் மண், ஒரு மலை. இப்போது கிளைகளைப் பாருங்கள். எலியும் குதிரையும் மோதல். எலியும் முயலும் தண்டனை. முயலும் குதிரையும் உடைவு. ஒரே நாளில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்று சக்திகளும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. வெறும் பட்டியலை வைத்துப் பார்க்கிறவர் இந்த ஜாதகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்.

பருவத்தைப் பார்க்கிறவர் வேறு மாதிரி படிப்பார். நடுக்குளிர். நீர் வலுத்திருக்கிறது. மலை உறைந்து கிடக்கிறது, அதற்கு வெயில் வேண்டும். குதிரைதான் அந்த வெயில், மாதத்தின் மேல் உள்ள யாங் நெருப்பு சூரியன். ஆக எலி குதிரையை மோதுவது கவலைக்குரியதுதான், தேவையான நெருப்பை நீர் அடிக்கிறது. ஆனால் வருடத்தில் முயல் என்னும் மரம் நிற்கிறது. நீர் மரத்துக்குப் பால் கொடுக்கும், மரம் நெருப்புக்கு விறகாகும். இப்படி நடுவில் நின்று சண்டையைத் தணிக்கும் பொருளைத் தூதாகக் கருதுவார்கள். தண்டனை, உடைவு என்று பெயர் பெற்ற அதே முயல் இங்கே தூது போகிறது. வருடத் தூணில் தள்ளி இருப்பதால் தூதின் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்கும், அவ்வளவுதான்.

குழந்தை ஆட்டு நேரத்தில், அதாவது மதியம் 1-லிருந்து 3-க்குள் பிறந்திருந்தால் குதிரைக்குப் பக்கத்திலேயே நண்பன் ஆடு வந்துவிடும். சேர்க்கையில் மயங்கி மோதலை மறப்பது என்று இதற்கொரு சொல்வழக்கே உண்டு. ஆடு எலிக்குத் தீங்கு ஜோடி என்பதும் கூடவே வரும். எதையும் ஒற்றை வரியில் முடிக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு நாளே போதும்.

மோதலால நல்லது நடந்து பார்த்திருக்கீங்களா, இல்ல ஆறுதலுக்குச் சொல்றீங்களா?

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, விதியே அப்படி. பழைய சூத்திரம் ஒன்று சொல்கிறது: வலுத்தது மெலிந்ததை மோதினால் மெலிந்தது வேரோடு பிடுங்கப்படும், மெலிந்தது வலுத்ததை மோதினால் வலுத்தது கிளர்ந்தெழும். உங்களுக்கு உதவும் எழுத்து வலுவாக இருந்து, மெலிந்த ஒன்று வந்து மோதினால் உறங்கிக் கிடந்தது எழுகிறது.

டிராகன், நாய், எருது, ஆடு நான்கும் கிடங்குகள். இவற்றின் மோதலைக் கிடங்கு திறப்பது என்று பலர் வரவேற்பார்கள். உள்ளே பூட்டியிருக்கும் பணம் வெளியே வரும் என்பார்கள். நான் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டேன். இரண்டும் மண்ணே என்பதால் மோதும்போது மண் இன்னும் பெருகும், உள்ளே இருக்கும் நீரும் நெருப்பும் சண்டையிடும். மண் தேவைப்படுகிறவருக்குத்தான் அது வரவு.

2026 குதிரை வருஷம், நான் எலி. கோயில்ல தாய் சுய்க்குப் பூஜை போடச் சொல்றாங்க. போடணுமா?

குதிரை வருடத்தில் நான்கு மிருகக்காரர்களைச் சொல்வார்கள். தன் வருடமே வந்ததால் குதிரை, மோதலால் எலி, தீங்கால் எருது, உடைவால் முயல். மேலே படித்ததை வைத்தே இந்தப் பட்டியலை நீங்களே போட்டுவிடலாம். தாய் சுய் என்பது அந்தந்த ஆண்டுக்குப் பொறுப்பான தேவதை. அதன் வேர் வியாழன் கோள். வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டில் வானைச் சுற்றுகிறது. நாம் குருப்பெயர்ச்சி பார்ப்பதும் அதை வைத்துத்தான். ஆனால் அது நகரும் திசை கிளைகளின் வரிசைக்கு எதிராக இருந்ததால், எதிர்த்திசையில் ஓடும் ஒரு நிழல் வியாழனைக் கற்பித்தார்கள். அந்த நிழலே தாய் சுய் ஆனது. பின்னாளில் 60 ஆண்டுக்கும் 60 தளபதிகள் வந்தார்கள்.

பூஜை போடுவது வழிபாடு. மனம் விரும்பினால் போடுங்கள். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலுக்கு வருகிற சீனர்கள் பக்கத்திலிருக்கும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். நாம் அவர்கள் சந்நிதியில் நிற்பதில் தவறென்ன? ஆனால் பூஜை போடாவிட்டால் வருடம் கெடும் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். வருடத்து எலி மோதப்படுவது ஜாதகத்தின் வாசலில் நடப்பது, முதல் பதிலில் சொன்னதுபோல. உங்களுக்கு நெருப்பு தேவையா என்று பார்க்காமல் 2026 நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது.

2026 சாதாரணக் குதிரை இல்ல, நெருப்புக் குதிரை, உலகத்துக்கே கெடுதல்னு வாட்ஸ்அப்ல வருதே?

மேலே யாங் நெருப்பு, கீழே குதிரையும் நெருப்பு. 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதற்கடுத்த நெருப்பு ஆட்டையும் சேர்த்துச் 'சிவப்புக் குதிரை, சிவப்பு ஆடு' என்று சீனாவில் நெடுங்காலமாக அஞ்சியிருக்கிறார்கள். காரணம் வரலாற்றில் உண்டு. 1126 நெருப்புக் குதிரை வருடம். அந்தச் சந்திர ஆண்டு முடியும் முன்பே வடக்கு சோங் அரசின் தலைநகரான கைஃபெங் ஜுர்சென் படைகளிடம் வீழ்ந்தது. அடுத்த 1127-இல் பேரரசரும் அவர் தந்தையும் கைதிகளாக வடக்கே கொண்டுபோகப்பட்டார்கள். 1966-இல் கலாசாரப் புரட்சி தொடங்கியது. ஆனால் நெருப்புக் குதிரை இல்லாத வருடங்களில் விழுந்த அரசுகளை யார் எண்ணுகிறார்கள்? மிங் அரசு வீழ்ந்தது 1644, அது மரக் குரங்கு.

இந்த அச்சத்தின் உண்மையான சேதத்தை ஜப்பானில் பார்க்கலாம். நெருப்புக் குதிரையில் பிறந்த பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்ற நம்பிக்கையால், 1965-இல் சுமார் 18.2 லட்சமாக இருந்த பிறப்புகள் 1966-இல் சுமார் 13.6 லட்சமாகச் சரிந்தன. அடுத்த வருடமே மீண்டும் ஏறின. ஒரு வருடத்தில் பிறந்த அத்தனை பெண் குழந்தைகளின் மீதும் இரண்டு எழுத்தை வைத்துப் பழி போட்டார்கள். மூல நட்சத்திரப் பெண்ணென்றால் மாமனாருக்கு ஆகாது என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இந்த வலி புரியும். இரண்டையும் நான் ஏற்பதில்லை. பா ஸி முறைப்படி பார்த்தாலும் வருடத் தூணை மட்டும் வைத்து மணவாழ்க்கை சொல்வது தவறு.

என் மகள் 1996, பார்த்திருக்கிற சீனப் பையன் 1990. ஆறு வயசு வித்தியாசம் ஆகவே ஆகாதுன்னு அவங்க பாட்டி சொல்றாங்க. என்ன பண்றதும்மா?

1996 எலி, 1990 குதிரை. ஆறு வயது இடைவெளி என்றாலே எதிரெதிர் மிருகம், மோதல். அதனால்தான் பல சீனக் குடும்பங்களில் அந்த இடைவெளியைத் தவிர்ப்பார்கள். நம் பொருத்தத்தில் ஏழாம் ராசி பொதுவாக நல்லது, ஆறு-எட்டுதான் ஆகாது. அவர்களுக்கு அந்த ஏழாம் இடமே ஆகாது. எதிரே நிற்பவரைத் துணையாகப் பார்ப்பதா, எதிரியாகப் பார்ப்பதா என்று இரண்டு மரபுகளும் வேறு வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன.

பாட்டியிடம் அவர்கள் மரபிலிருந்தே பேசலாம். வருடத் தூண் மூதாதையர் இடம். துணைக்கான இடம் நாள் தூணின் கீழ் எழுத்து. இருவரின் நாள் கிளைகளையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருவருக்கும் எந்தப் பொருள் குறைவு, அதை மற்றவர் கொண்டுவருகிறாரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நெருப்பு கேட்டு நிற்கும் எலிப் பெண்ணுக்குக் குதிரைப் பையன் வரமாகவும் அமையலாம். அம்மாவாக நீங்கள் பையனின் குணத்தையும் அவன் உங்கள் மகளிடம் பேசும் விதத்தையும் பாருங்கள். எட்டு எழுத்தைவிட அது நிறையச் சொல்லும்.

பரிகாரமா ஒரு கல் வளையல் சொன்னாங்க, விலை ஆயிரத்துக்கு மேல. வாங்கலாமா?

வேண்டாம். தன் மிருக வருடத்தில் சிவப்பு இடைவார் கட்டுவது, சிவப்பு உள்ளாடை அணிவது எல்லாம் சீனக் குடும்பங்களின் பழைய வழக்கம், செலவும் இல்லை. நான் கற்ற வழியில் பரிகாரம் என்பது நடத்தை. மோதல் வருடம் அசைவைக் கேட்கிறது, ஆகவே அசைவை நீங்களே கொடுத்துவிடுங்கள்: தள்ளிப்போட்ட வீடு மாற்றம், பயணம், பழைய பொருட்களைக் கழிப்பது. தண்டனை வருடத்தில் எழுத்து மூலமான ஒப்பந்தங்களைக் கவனமாகப் படியுங்கள். உடல்நலக் கேள்விக்கு மருத்துவரிடம் போங்கள்.

நீங்க இதை நம்புறீங்களா? அறிவியல் நிரூபணம் இருக்கா?

அறிவியல் நிரூபணம் இல்லை. நான் இதை இரண்டாயிரம் ஆண்டாக ஒரு மக்கள் காலத்தைப் பற்றிச் சிந்தித்த மொழியாக மதிக்கிறேன். எல்லாப் பருவமும் தன் எதிர்ப்பருவத்தால் உடைக்கப்படும் என்ற பார்வை எனக்குக் கடினமான நாட்களில் உதவியிருக்கிறது. யாருடைய திருமணத்தையும் வேலையையும் இதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கச் சொன்னதில்லை.

பருவம் பருவம்னு சொல்றீங்க, சிங்கப்பூர்லயும் சென்னையிலயும் பனியே இல்லையே. நேரத்தை எப்படிக் கணக்கிடறது?

இந்த முறை வடக்குச் சீனாவின் பருவங்களைப் பார்த்து உருவானது. ஆனால் கணக்கு வெப்பத்தை வைத்து அல்ல, சூரியன் வானில் நிற்கும் இடத்தை வைத்து. மாதம் மாறும் கணம் உலகம் முழுதும் ஒன்றே, ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே இங்கேயும் டிசம்பரில் பிறந்தவரை நீர்ப் பருவத்தவராகவே படிக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பிறந்தவர்களுக்கு மாதத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள், பெரும்பாலோர் திருப்புவதில்லை.

நேரத்தில்தான் தவறு நடக்கிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் முந்தி ஓடுகிறது. ஊர் இருப்பது கிழக்கு 104 பாகைக்கு அருகில், கடிகாரம் 120 பாகைக்கு உரியது. 1982 ஜனவரி 1-க்கு முன் அது அரை மணி குறைவாக இருந்தது. உள்ளூர்ச் சூரிய நேரத்தை வைத்துப் பார்ப்பவர்களுக்கு, இன்று பகல் 1:30-க்குப் பிறந்த குழந்தை ஆட்டு நேரம் அல்ல, இன்னும் குதிரை நேரம். 2000 ஜனவரி 1 ஜாதகத்தில் மோதலைத் தணித்த ஆடு அந்தக் குழந்தைக்கு இல்லாமல் போய்விடும். அதற்குப் பதில் இரண்டு குதிரைகள் அடுத்தடுத்து நின்று தன் தண்டனையாகும். சென்னையில் வித்தியாசம் 10 நிமிடத்துக்குள்தான். பிறப்புச் சான்றிதழில் நேரம் இல்லாவிட்டால் மருத்துவமனைப் பதிவைத் தேடிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மூன்று தூண்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.